உதிரிப் பழமும் செம்பருத்தியும்

நல்லம்மாளுக்கு ஐம்பத்து நான்கு வயது. கோலா சிலாங்கூருக்கு வடக்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், குலை வெட்டியபின் தரையில் சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கும் வேலை. முப்பது வருஷமாக அதேதான்.

ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் சனிக்கிழமை சாயங்காலம் பெரியவர்களுக்கு மெழுகால் துணியில் படம் போடும் பாத்தேக் வகுப்பு என்று அவளை இழுத்துப் போனவள் பக்கத்து வீட்டு விமலா.

"வாங்க லா, அக்கா. சீரியல் பாத்து அழறதுக்கு இது எவ்வளவோ மேலு."

ஆறு வாரம், பதினைந்து பேர், எல்லோரும் புதியவர்கள். காற்றுக்காக இவர்கள் இருவரும் வெளி வராந்தாவில் மேசை பிடித்துக்கொண்டார்கள். தனுஜா டீச்சர் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். மெழுகு ஊற்றும் சாந்திங் பேனா முதல் வாரம் கைக்கு அடங்கவில்லை. விமலா, டீச்சர் கொடுத்த தாளை வைத்துச் செம்பருத்தி வரைந்தாள். நல்லம்மாளுக்கு அதில் மனசு போகவில்லை. தெரிந்ததைப் போட்டாள்: மரத்தடி, இரண்டு ரப்பர் பூட்ஸ், சுற்றிலும் பழங்கள்.

"வானம் எங்கக்கா?"

"குனிஞ்சா எங்கடி வானம் தெரியுது?"

விமலா மெழுகு சிந்தும்வரை சிரித்தாள்.

பெயரை மெழுகால்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கை ஆடிப் படத்தில் சொட்டிவிடுமோ என்று பயந்து இருவரும் கலர் பேனாவால் ஓரத்தில் எழுதிவிட்டார்கள். ஐந்தாம் வாரம், கொதிநீரில் மெழுகை உருக்கி எடுக்கும் நாளில், நல்லம்மாளுக்குக் காய்ச்சல்.

"நீங்க படுங்கக்கா. ரெண்டு துணியையும் நான் பாத்துக்கிறேன்."

கடைசிச் சனிக்கிழமை கண்காட்சி. ரவாங்கில் வேலை செய்யும் மகன் சரணுக்கு நான்கு தடவை போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். 'இந்த வயசுல கலர் அடிக்கப் போறீங்களாம்மா' என்று கேட்டவன் அவன். அம்மா கையிலிருந்தும் இப்படி ஒன்று வரும் என்று அவன் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

நடுச்சுவரில் அவள் துணி தொங்கியது. கீழே அட்டையில் விமலா என்றிருந்தது. மூலையில் செம்பருத்தித் துணி, அதன் அட்டையில் நல்லம்மாள் என்று.

"அட்டை மாறிப்போச்சு பாரு. டீச்சர்கிட்ட சொல்லு."

விமலா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கொதிக்க வச்சதுல பேரு போயிருச்சுக்கா. இது யாரோடதுன்னு டீச்சர் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அவ்வளவு புகழ்ந்தாங்கக்கா. என்னை யாரும் அப்படிச் சொன்னதே இல்ல. என்னோடதுன்னு வாயில வந்துருச்சு. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்."

நல்லம்மாள் பாதி மன்னித்தேவிட்டாள். அப்போது பார்க்க வந்த ஒருவர், வானம் ஏன் இல்லை என்று விமலாவிடம் கேட்டார்.

"குனிஞ்சா வானம் எங்கங்க தெரியுது?" என்றாள் விமலா.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நல்லம்மாள் வாசல் பக்கம் போய்ச் சரணைத் தேடினாள்.

சரண் வந்தான். அட்டைகளைப் படித்துக்கொண்டே மூலைக்குப் போய், "நல்லாருக்கும்மா. பக்கத்துல நில்லுங்க," என்று போனைத் தூக்கினான்.

"இது நான் போட்டது இல்லப்பா. அதோ, அதுதான்."

அவன் நடுச்சுவரைப் பார்த்தான். "விமலா ஆண்ட்டி பேருல்ல இருக்கு?"

"அவளையே கேளு."

விமலா சிரிக்க முயன்றாள். "அம்மாவும் நானும் ஒரே மேசைதான் லா, சரண். பாத்துப் பாத்து எல்லாம் தன்னோடது மாதிரி ஆயிருச்சு அவங்களுக்கு."

நல்லம்மாள் செம்பருத்திக்குக் கீழே இருந்த அட்டையைப் பிய்த்து எடுத்தாள். விமலாவின் கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

"இதையும் நீயே வச்சுக்க."

காரில் சரண் வானொலியை மெல்லக் குறைத்தான். அவன் நம்பினானா இல்லையா என்று, அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.