குறைந்த வட்டிக்குக் கேட்ட கடன்

எங்கள் கிணற்றில் எருது விழுந்தபோது மிளகாய்ச் செடி பூவெடுத்திருந்தது. அந்த நாளில் நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களில் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைப்பார்கள். ஒரு ஜோடி எருதுகள் சரிவில் இறங்கினால் தோல் பறி தண்ணீரோடு மேலே வரும். அவை பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏறினால் பறி கிணற்றுக்குள் இறங்கும். அன்று காலை அப்படிப் பின்னால் வந்துகொண்டிருந்தபோது, வழிந்த தண்ணீரில் நனைந்து கிடந்த மண்ணில் வலத்து எருதுக்குக் கால் சறுக்கியது. என் வீட்டுக்காரர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். எருது அவரையும் சேர்த்து இழுத்தது. கவலைக் கல்லில் மோதி அவர் விழுந்துவிட்டார். எருது உள்ளே போய்விட்டது.

ஊரே கூடி எருதை வெளியே எடுத்தபோது அதற்கு உயிர் இல்லை. அவருக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டவர், அறுவடை வரைக்கும் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கைக்குழந்தையோடு நான் மிச்சமிருந்த ஒற்றை எருதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒற்றை எருதை வைத்துக் கவலை ஓட்ட முடியாது. ஒரு வாரம் தண்ணீர் இல்லையென்றால் பூ உதிர்ந்துவிடும். பூ உதிர்ந்தால் அந்த வருடம் நிலவரி கட்டவே வழியில்லை.

முதலில் பிறந்த வீட்டுக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் வாசலுக்கே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். நான் விஷயத்தைச் சொன்னதும் குழந்தையைத் திருப்பி என் கையில் கொடுத்தான். வேண்டுமென்று செய்தான் என்று நான் சொல்லவில்லை. பருத்தி விலை படுத்துக் கிடந்த வருடங்கள் அவை. அவனிடமும் இல்லை. ஆனாலும் அண்ணி சோறு போட்டபோது, கடன் கேட்டு வந்தவளாக உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்னத் தெரியாமல் பாதியில் கையைக் கழுவினேன்.

எங்கள் ஊரில் பணம் கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். வேறு யாருமில்லை, என் மாமனாருக்குச் சித்தப்பா பிள்ளை. நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். பங்காளிகளுக்குள் யாருக்கு முடை என்றாலும் அவரிடம்தான் போவோம். வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். அதிகம்தான், ஆனால் அவர் வாயைத் திறக்க மாட்டார். யார் யார் எதைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

எனக்கு அது நன்றாகத் தெரியும். ஏனென்றால் என் கல்யாணத் தோடு இரண்டு வருடமாக அவர் பெட்டியில்தான் இருந்தது. நிலவரி கட்ட வழியில்லாத ஒரு வருடம் நானே கழற்றிக் கொண்டுபோய் வைத்தேன். பிறகு சேலம் கடைவீதியில் அதே மாதிரி முலாம் பூசிய தோடு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். என் அம்மாவுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. அதை நினைத்து அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எருது வாங்கப் பணம் கேட்டுச் சின்ன மாமாவிடம் போனேன். அவர் நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்:

"தாரேன் சாமி. தராம எங்க போறேன். ஆனா முன்னது அப்பிடியே நிக்குது. வட்டியும் ஏறிக்கிட்டே போவுது. அதனால கெணத்தடிக் காட்டை எம்பேருக்குக் கெரயமா எழுதிக் குடுத்துருங்க. பணம் வந்ததும் திருப்பி எழுதித் தாரேன். நம்முளுக்குள்ள தானே?"

"கெணத்தடிக் காட்டையே எழுதிட்டா அப்பறம் எங்களுக்கு என்னங்க மாமா இருக்குது?"

"யோசிச்சு வாங்க அம்மிணி. அவசரமில்லை."

அவசரம் எனக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் அப்போது ஐக்கிய சங்கம் ஒன்று ஆரம்பித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்போது கூட்டுறவுச் சங்கம் என்கிறார்கள். பங்கு வாங்கிய குடியானவர்களுக்கு அங்கே கடன் கிடைக்கும். வட்டி, சின்ன மாமா வாங்குவதில் பாதிகூட இல்லை. என் வீட்டுக்காரரும் ஒரு பங்கு வாங்கியிருந்தார். ஆனால் கடன் கேட்டு அந்தப் பக்கம் போனதில்லை. காரணம், அந்தச் சங்கத்தில் ஒருவர் கட்டாமல் போனால் மற்ற அத்தனை பேரும் பொறுப்பு. அதனால் கடன் கேட்கிற குடும்பத்தைப் பற்றி எல்லாரும் கூடி உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வார்கள். எவ்வளவு நிலம், என்ன விளைச்சல், வேறு எங்கே கடன், குடிப்பானா, சூதாடுவானா, எல்லாமே பேசப்படும்.

கட்டிலில் கிடந்தவரிடம் அன்று சாயங்காலம் சொன்னேன்.

"ஏனுங்க, சங்கத்துல கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"நம்ம ஊட்டு நெலவரத்த நாலு பேரு நடுவுல விரிச்சு வெக்கச் சொல்றயா?"

"காட்டை எழுதிக் குடுத்தா மட்டும் நாலு பேருக்குத் தெரியாதுங்களா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அன்றே சங்கத்தில் எழுதி வாங்கி வந்திருந்த மனுவை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தீனி போடப் போனேன். திரும்பி வந்தபோது கையெழுத்துப் போட்டிருந்தார்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் ஊர் ஆண்கள் ஏறக்குறைய எல்லாரும் வந்திருந்தார்கள். சின்ன மாமாவும் இருந்தார், அவரும் பங்குதாரர். பெண்பிள்ளை நான் ஒருத்திதான். உள்ளே போகத் தயங்கி, கதவுக்கு வெளியே தூண் ஓரமாக நின்றுகொண்டேன். நான் நிற்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் பேசினார்கள்.

சங்கத் தலைவர் மனுவைப் படித்தார். ஒருவர், "மனுசன் நாணயமானவருதான்" என்றார். இன்னொருவர், "நாணயமெல்லாஞ் செரி, தங்கச்சி கல்யாணத்துக்கு அந்தச் செலவு எதுக்குங்க பண்ணோணும்?" என்றார். "அதுல இன்னும் பாக்கி இருக்குதுன்னு பேச்சு." "கால் செரியாவுமா? நொண்டியாப் போனா யாரு உழுவறது?" "அந்தப் பொம்பள தெறமையான ஆளுங்க." "தெறம இருந்து என்ன, ஆம்பள படுத்துட்டா ஊடு படுத்த மாதிரிதானுங்க."

யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் எங்கள்மேல் பகையும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. பகையாளி பேசினால் கோபப்பட்டுக்கொள்ளலாம். இவர்கள் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் நிதானமாக எங்களைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்குள் எங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளாதவை எல்லாம் அங்கே சாதாரணமாகப் புழங்கின.

அப்போது கிழக்குத் தோட்டத்துக்காரர் பேசினார். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாத மனிதர்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அம்மிணி காதுல ரெண்டு பவுன் தோடு கெடக்குது. அதைய வெச்சு எருது வாங்காம, நம்ம அத்தன பேரு பொறுப்புல கடன் எதுக்குங்க? நாம என்ன, நகையப் போட்டுக்கறவங்களுக்கா கடன் குடுக்கறோம்?"

பலர் தலையை ஆட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் சின்ன மாமாவைப் பார்த்தேன். உண்மையான தோடு எங்கே இருக்கிறது என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடிப்புக் கலையாமல் மறுபடி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவருடைய வாய் திறக்காத குணத்துக்காகத்தானே அந்தக் கூடுதல் வட்டிக்கு ஒத்துக்கொண்டேன். அந்த வட்டிக்கு அவர் நேர்மையாகவே நடந்துகொண்டார் என்று பிற்பாடு தோன்றியது. அன்று அப்படித் தோன்றவில்லை.

பேசாமல் திரும்பி வந்திருந்தால் தங்கத் தோட்டுக்காரியாகவே வந்திருப்பேன். கிணற்றடிக் காடு போயிருக்கும். நான் உள்ளே போனேன். எல்லாருக்கும் முன்னால் நின்று காதில் கை வைத்துத் திருகாணியைத் திருகினேன். அது வரவில்லை. இரண்டு வருடம் கழற்றாத முலாம் தோடு, உள்ளே பச்சை பிடித்து இறுகிப் போயிருந்தது. அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காதில் கழற்றுவதற்குள் தோல் கிழிந்து எரிந்தது. அடுத்த காதையும் கழற்றி, இரண்டையும் தலைவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன்.

"தங்கமில்லீங்க. முலாமுங்க. தங்கத் தோடு அடமானத்துல கெடக்குதுங்க."

தலைவர் தோட்டைத் தொடவில்லை. தணிந்த குரலில் கேட்டார்: "யாருகிட்டன்னு சொல்ல வேண்டாம் அம்மிணி. வட்டி என்னன்னு மட்டும் சொல்லுங்க. கடன் எப்படி ஏறுதுன்னு நாங்க தெரிஞ்சுக்கோணும்."

"ரெண்டு ரூவா வட்டிங்க."

எங்கள் ஊரில் இரண்டு ரூபாய் வட்டி வாங்குகிறவர் ஒருவர்தான். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க எல்லாரும் பாடுபட்டது நன்றாகத் தெரிந்தது.

கிழக்குத் தோட்டத்துக்காரர் எழுந்து நின்றார். முகம் கறுத்துப் போயிருந்தது. "நாங் கேட்டிருக்கக் கூடாதுங்க" என்றார். பிறகு தலைவரிடம், "இவியளுக்கு நான் ஜாமீன் போடறேனுங்க. எழுதிக்குங்க" என்றார்.

கடன் கிடைத்துவிட்டது. நான் தோட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். கிழிந்த காதில் திரும்பப் போட முடியவில்லை. புருஷன் உயிரோடு இருக்கையில் மூளிக் காதோடு ஊர் நடுவே நடந்து வீடு வந்தேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடன் குடுத்துட்டாங்க" என்றேன்.

"குடுக்காம என்ன? மானத்தையே கழட்டிக் குடுத்துட்டு வந்திருக்கறயே" என்றார்.

அவர் அழுதுகொண்டிருந்தார். என்மேல் கோபமா, தன்மேலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை. அந்த மாதம் முழுக்க அவசியமான வார்த்தை மட்டுமே பேசிக்கொண்டோம்.

என் அண்ணன் வந்து அந்தக் கடன் பணத்தில் சந்தையில் எருது பார்த்து வாங்கிக் கொடுத்தான். கூலிக்கு ஆள் வைத்துக் கவலை ஓட்டினோம். பூவில் பாதி உதிர்ந்தது, பாதி நின்றது. நின்றது போதுமாக இருந்தது.

கிணற்றடியிலும் கோயிலிலும் பெண்கள் என் காதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து மருமகள் புல் அறுக்க வந்தவள், யாருமில்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு என் அருகே வந்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க அக்கா, அந்த முலாம் தோடு சேலத்துல எந்தக் கடைங்க?" என்றாள். அவள் கை அவள் காதை மூடிக்கொண்டிருந்தது.

கடையைச் சொன்னேன். வேறெதுவும் நான் கேட்கவில்லை. சங்கத்தில் கடன் கேட்டுப் பார் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வட்டி பாதிகூட இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அந்த மேசைக்கு முன்னால் இன்னொருத்தியைப் போய் நிற்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஊருக்குத் தெரிந்துபோன பிறகு சின்ன மாமாவிடம் வாங்கிய கடனை மறைக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. என் வீட்டுக்காரர் கோலூன்றி நடக்க ஆரம்பித்ததும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனார். பட்டப்பகலில், மற்றப் பங்காளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து கணக்குக் கேட்டார். ஒரு ரூபாய் வட்டி போட்டு முடித்துக்கொள்ளச் சின்ன மாமா சம்மதித்தார். அடுத்த வருடப் பருத்தியில் தோட்டை மீட்டோம். அவர் முகத்தில் கோபமில்லை. அதற்குப் பிறகும் என்னைச் சாமி என்றே கூப்பிட்டார். எனக்குத்தான் மாமா என்று கூப்பிட நாக்கு கூசியது.

சங்கத்துக் கடனை வருடா வருடம் தவணை தவறாமல் கட்டினோம். கடைசித் தவணை கட்டிய நாள் கூட்டத்துக்கு என் வீட்டுக்காரர் போயிருந்தார். இருட்டுவதற்கு முன்பே திரும்பி வந்தார்.

"நம்ம கடன் தீந்துபோச்சுன்னு தலைவரு எந்திரிச்சு நின்னு சத்தமாப் படிச்சாரு" என்றார்.

எனக்கு முதலில் தோன்றியது ஒரே கேள்விதான். "அன்னைக்கு மாதிரி எல்லாரும் வந்திருந்தாங்களா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இல்ல. பாதிப் பேருதான் இருந்தாங்க" என்றார்.