விஸ்மாவின் பாசிமணி மகுடம்

எங்கள் ஊர்ப் பாடல் குழுவில் பெண்கள் இருபத்திரண்டு பேர். கல்யாணமானவர்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஆகாதவர்கள் பாசிமணி தைத்த சிவப்பு மகுடம் வைப்பார்கள். மகுடம் வைக்கும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு இருபது வயது தாண்டவில்லை. ஆறாவது ஆள் விஸ்மா. அவருக்கு ஐம்பத்தேழு.

விஸ்மா பால் லாரி ஓட்டுகிறார். பதினோரு பண்ணைகளில் பால் ஏற்றிக்கொண்டு வல்மியெரா பால் ஆலைக்குப் போவார். நான் வேலை பார்க்கும் பண்ணை ஏழாவது. வேளாண் பட்டத்தோடு நான் ஊர் திரும்பியபோது, சான்றிதழைக் கேட்டு வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு முழுதாக வாசித்தவர் அவர் ஒருவர்தான். "உங்க வீட்ல யாரும் இப்படி ஒரு தாள் வாங்கினதில்லையே தம்பி" என்றார். அம்மா இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

1985இல், பத்தொன்பது வயதில், நாட்டின் குழுக்களெல்லாம் கூடும் பாடல் விழாவுக்காக முதன்முதலாகத் தலைநகர் ரீகா போன விஸ்மா, அதன்பின் ஒரு விழாவையும் விட்டதில்லை. அதுவரை அரசு பாடக்கூடாது என்று தடுத்திருந்த பாட்டுகளை 1990இல் மேடையில் பாடியபோது சுற்றி நின்ற எல்லோரும் அழுதார்களாம். "நான் அழலை. அழுதா குரல் போயிடும். பாடத்தானே போனேன்" என்பார்.

டிராக்டர் மெக்கானிக் ஓயார்ஸோடு பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தார். 2004இல் ஓயார்ஸ் அயர்லாந்துக்குக் காளான் பண்ணை வேலைக்குப் போனார். இலையுதிர்காலத்தில் வந்து கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்று இலையுதிர்காலம் வரை கடிதம் வந்தது. அப்புறம் கடிதமும் இல்லை. அவரைத் திட்டி விஸ்மா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

2023 விழாவுக்கு முன் வந்த வசந்தத்தில் எங்கள் குழு தேர்வில் தேறியது. மதிப்பெண் தாளின் அடியில் நடுவர் ஒருவர் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: 'தலை அலங்காரம் வயதுக்குப் பொருந்தட்டும்.' ஒத்திகையில் அதை வாசித்துக் காட்டினார் எங்கள் குழுவை நடத்தும் ஆர்னிதா. யாரைச் சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

"விஸ்மாக்கா, இந்தத் தடவை நீங்களும் துணி கட்டிக்குங்க" என்றார் ஆர்னிதா.

"எதுக்கு?"

"மகுடம் சின்னப் பொண்ணுங்களுக்கு அக்கா."

"கல்யாணம் ஆகாதவங்களுக்கு. என்னை எந்தத் தேவாலயத்துல மாலையும் கையுமா பார்த்தே?"

ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். ஆர்னிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு ஆளால குழுவுக்கே பேர் கெடக்கூடாது. துணி கட்டினாத்தான் ரீகா."

அடிக்குரல் பாடும் கிழவர் எவால்ட்ஸுக்கு வாய் சும்மா இருக்காது. "அப்படின்னா எல்லாரோட கல்யாணப் பத்திரத்தையும் பார்த்துடலாமே. துணிக்குள்ள எத்தனை மகுடம் ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும்."

துணி கட்டுகிறவர்களில் ஆறேழு பேர் பதிவு அலுவலகப் படியே ஏறாதவர்கள். பிள்ளை குட்டியோடு குடும்பமாகத்தான் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆர்னிதாவே அப்படித்தான், காஸ்பர்ஸோடு இரண்டு குழந்தைகள். ஆர்னிதா கையிலிருந்த மதிப்பெண் தாளை மடித்தார், திரும்பவும் பிரித்தார்.

விஸ்மா எவால்ட்ஸ் பக்கம் திரும்பினார். "வாயை மூடுங்க. யார் வீட்டுக் கதவையும் தட்டச் சொல்லி நான் கேக்கலை." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த இரண்டு ஒத்திகைக்கும் அவர் வரவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் நடக்காதது. இந்த விழா அவருக்கு இல்லை என்றே நினைத்தோம். லாரியோடு பண்ணைக்கு வரும்போது அவர் என்னிடம் பால் கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டார். நானும் அதை மட்டும் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஆர்னிதா எங்கள் பண்ணைக்கே வந்துவிட்டார். குழாய் மாட்டி விஸ்மாவின் லாரியில் பால் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, விழாவுக்கு ஆறு வாரந்தான் இருக்கு."

"எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அன்னைக்கு நீங்க என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாய் அடைச்சுப் போயிருக்கும்."

"எதைச் சொல்றது? காஸ்பர்ஸ் தினமும் உன் வீட்டுக்குத்தானே சாப்பிட வர்றான். நீ துணி கட்டினா அது பொய்யில்லை." குழாயைத் தட்டிப் பார்த்தார் விஸ்மா. "நான் கட்டினா, ஓயார்ஸ் திரும்பி வந்துட்டான்னு அர்த்தம். இல்லே செத்துட்டான்னு அர்த்தம். ரெண்டும் நடக்கலையே. மத்த நாள்ல யாரும் கேக்கறதில்லை, நானும் சொல்றதில்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே பார்க்க நடந்து போறேன். அன்னைக்காவது உள்ளதை உள்ளபடி வெச்சுக்கிறேனே."

"சிரிப்பாங்க அக்கா."

"இருபது வருஷமா சிரிக்கிறாங்க. அவங்களுக்கே அலுத்துப்போச்சு."

ஆர்னிதா குழாயைத் தாண்டிக் கிட்டே வந்தார். "புதன்கிழமை ஏழு மணிக்கு ஒத்திகை" என்றார்.

"மகுடத்தோடயா?"

"ஒத்திகைக்குக் குரல் போதும். மகுடத்தை ரீகாவுக்கு எடுத்து வெச்சுக்குங்க."

ஜூலையில் வழக்கம்போல ரீகாவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைகளில் மெத்தை போட்டுப் படுத்தோம். ஊர்வலத்தன்று காலை பெண்களுக்கெல்லாம் ஒரே கண்ணாடி. கதவு திறந்தே கிடந்தது. விஸ்மாவுக்கு முடி குறைந்திருந்ததால் மகுடம் நழுவியது. ஆர்னிதா வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு பின்னால் நின்று குத்திக்கொண்டிருந்தார்.

"அந்த நடுவர் என்ன சொல்வாரோ?"

"பதில் எழுதிப் போட்டுட்டேன்."

"என்னன்னு?"

"எங்க குழுவுல யார் தலையில என்ன இருக்கணும்னு அவங்கவங்க சொல்வாங்கன்னு. அசையாதீங்க."

துணி கட்டுகிற மற்றவர்கள் துணியே கட்டிக்கொண்டார்கள். சின்னப் பெண்கள் ஐந்து பேரும் முன்னால் போனார்கள்; பின்னால் வெள்ளை வரிசையில் சிவப்பு ஒன்றே ஒன்று. தெருவின் இரு பக்கமும் கூட்டம்; எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பூக்களை நீட்டினார்கள். ஒரு திருப்பத்தில், கணவரோடு நின்றிருந்த குண்டான அம்மாள் ஒருவர் விஸ்மாவின் தலையைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா பொண்ணு, மாப்பிள்ளை எங்கே?"

"கிடைக்கலை. உங்க பக்கத்துல நிக்கிறவரைக் கொடுங்க, கூட்டிட்டுப் போறேன்."

"தாராளமா கூட்டிட்டுப் போ. திருப்பி மட்டும் அனுப்பிடாதே."

தெருவே சிரித்தது. அந்த அம்மாள் தன் கையிலிருந்த டெய்சிப் பூக்களை எல்லாம் விஸ்மாவிடம் கொடுத்தார். முன்னால் நடந்த ஆர்னிதா திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கையை உயர்த்தினார். நாங்கள் பாட ஆரம்பித்தோம்.