மதில்மேல் நத்தை

"உனக்கு ஆர்டர் ஆயிடுத்துடி, கிளம்பு" என்று சொல்லிக்கொண்டே புடலை இலையின் அடியிலிருந்து நத்தையைப் பிரித்தெடுக்கிறார் பாகீரதி. குடை, கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில். வலது கையில் ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறை. காலடியில் ஒரு பக்கெட். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, மழை இன்னும் விடவில்லை.

நத்தை என்றால் வயல்வரப்பில் கிடக்கும் பொடி நத்தை அல்ல. ஆப்பிரிக்க நத்தை. உள்ளங்கையை நிறைக்கும், பழுப்புச் சங்கு போலிருக்கும். கோடை முழுக்க மண்ணுக்குள் தூங்கிவிட்டு, மலையாள இடவ மாத மழை கேட்டதும் எழுந்து வந்து, ஒரே இரவில் ஒரு பாத்தி கீரையைத் தின்று தீர்க்கும். இதைக் கொல்லப் புகையிலையும் மயில்துத்தமும் கலந்த கஷாயம் ஒன்றை வேளாண்மை அலுவலகத்துப் பெண் சொல்லிக்கொடுத்தாள். பாகீரதி காதைப் பொத்திக்கொண்டார்.

"கொல்லறதாவது! டிரான்ஸ்ஃபர் போறும்."

பக்கெட் நிறைந்ததும் கொல்லைக்கோடி மதிலுக்குப் போவார். மார்பளவு மதில். நத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் வரிசையாக உட்காரவைப்பார். எல்லாவற்றின் முகமும் அந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு திரும்பினால் பொறுமையாக மறுபடி திருப்பி வைப்பார். கணவர் சாம்பசிவன் பின்கட்டு வாசலில் காப்பியோடு நின்று இதைத் தினமும் பார்க்கிறார்.

"அடுத்தாத்துல எறியறது தப்பில்லையோ?"

"நான் எங்கே எறிஞ்சேன்? மதில்ல வெச்சேன். அதுவா போறது."

பாகீரதி கல்வித்துறை அலுவலகம் ஒன்றில் ஆசிரியர் இடமாற்றப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பொன்முடி எஸ்டேட் பக்கம் யாரையாவது போட்டால் ஒரே பருவத்தில் ஏதாவது காரணம் சொல்லித் திரும்பி வந்துவிடுவார்கள் என்பது அவரது அனுபவம். அந்த அனுபவத்தை நத்தைகளோடு சேர்த்து யோசிக்க அவருக்குத் தோன்றியதில்லை.

ஸ்ரீவராகத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் அக்ரஹாரத்து வீடுகளில் ஒன்று அவருடையது. கொல்லை, ரயில் பெட்டி போல அகலம் குறைந்து நீளம் கூடியது. நடுவில் கிணறு. ஓய்வு பெற்ற மறுவாரமே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் இறங்கியவர், இன்றுவரை மேலேறவில்லை. கும்ப மாதத்தில் குழி வெட்டி, சருகும் சாம்பலும் போட்டு, சாணிக் கரைசலில் முக்கி உலர்த்திய சேனைத் துண்டுகளைப் புதைப்பார். மீனத்து வெயிலில் மண் பாளம் பாளமாய் வெடிக்கையில் அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு, பாத்திரம் அலம்பிய தண்ணீர் வாழைக்கு என்று பங்கு பிரிப்பார். சாம்பசிவன் குளிக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேர்ந்ததால் அந்த மாதம் அவருக்குச் சோப்பு கிடையாது. மேடத்தில் விஷுக் கணிக்கு ஒரு வெள்ளரிக்காய், அடியில் தென்னோலை விரித்துப் பிள்ளையைப் போலக் கிடத்தி வளர்த்தது. மழை வந்தால் புடலைப் பந்தல். பிஞ்சு வளைந்து வளராதபடி நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டு, "நிமிர்ந்து நில்லு, நாலு பேர் பாக்கறா" என்பார். தனு மாதத்தில் சேனையைத் தோண்டித் திருவாதிரைக் கூட்டுக்கு எடுத்துவைத்தால் வருஷம் முடிந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் ஜானவி போன் செய்தால் பேரன் சாப்பிட்டானா என்று கேட்பதற்கு முன், "இங்கே நல்ல மழை, கேட்டியா, வெண்டை பூத்துடுத்து" என்று தொடங்குவது வழக்கம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் முன்பு காலிமனை. டிரான்ஸ்ஃபர் அப்போது தொடங்கியது, யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு அந்த மனையை எலிசாள் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டினார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், கணவர் இல்லை, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பாகீரதிக்கு அவர் 'சிஸ்டர்', அவருக்கு இவர் 'மாமி'. குடிவந்த முதல் மாதமே எலிசாள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

"ஆயுசு முழுக்க குவார்ட்டர்ஸாக்கும் மாமி. ஒரு துளசி நட்டாலும் அடுத்தவிய வந்து பிடுங்குவினும். எனக்க சொந்த மண்ணுண்ணா இதுதான்."

பாகீரதி நெகிழ்ந்துபோய்த் தன் புடலை விதையிலேயே நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தார். பப்பாளி அங்கிருந்து வரும், கறிவேப்பிலை இங்கிருந்து போகும். நத்தைகளும் போய்க்கொண்டிருந்தன. இத்தனை வருஷத்துப் பழக்கத்தை ஒருவர் குடிவந்தார் என்பதற்காக மாற்றிக்கொள்ள பாகீரதிக்கு வழி தெரியவில்லை.

"ஒச்சு சல்யம் தாங்க முடியல்ல மாமி" என்று எலிசாள் மதிலோரம் ஒருநாள் அலுத்துக்கொண்டார். இங்கே நத்தைக்கு மலையாளத்தில் ஒச்சு, தொல்லைக்குச் சல்யம்.

"எங்காத்துலயும் அதே கதைதான், போங்கோ" என்றார் பாகீரதி. இதில் பொய் எதுவும் இல்லை.

இந்த வருஷ மழைக்குத்தான் கதை மாறியது. எத்தனை எடுத்து வைத்தாலும் குறையவே இல்லை. திரும்பி வருகிறதோ என்று சாம்பசிவன்தான் சந்தேகத்தைக் கிளப்பினார். ஜானவி விட்டுப்போன சிவப்பு நெயில் பாலிஷால் ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு பொட்டு வைத்து அனுப்பினார் பாகீரதி. சில நாளிலேயே சிவப்புப் பொட்டுகள் வெண்டைப் பாத்தியில் மேய்ந்துகொண்டிருந்தன. அதுகூடப் பரவாயில்லை. அவற்றுக்கு நடுவே ஊதாப் பொட்டோடு சில நத்தைகள். ஒன்றில் சிவப்பும் இருந்தது, பக்கத்திலேயே ஊதாவும் இருந்தது.

பாகீரதி அந்தப் பக்கெட்டைப் பின்கட்டுப் படியில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து. வாசனைகூட மாறவில்லை.

"பாத்தேளா? எத்தனை சாதுவா பேசறா! வாய்க்கு வாய் கர்த்தர்ங்கறா. சாயங்காலம் ஜெபம் முடிச்சுண்டு வந்து ஒச்சை நம்மாத்துக்கு அனுப்பறா!"

"நீ அனுப்பினதுக்கு ரசீதுன்னு வெச்சுக்கோயேன்" என்றார் சாம்பசிவன், பேப்பரை இறக்காமல்.

அன்றைக்கே கேட்டுவிடுவது என்று பாகீரதி மதிலுக்குப் போனார். சொல்ல வேண்டியவற்றைக் கிணற்றடியில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டும் போனார். ஆனால் எலிசாள் அவருக்கு முன்பே அங்கே நின்றிருந்தார், தோளில் பையோடு. மார்த்தாண்டத்தில் மகளுக்கு நாள் ஆகுமுன்பே வலி எடுத்துவிட்டதாம்.

"மாமி, சாவி பிடியுங்க. புடலையை மட்டும் ஒண்ணு நோக்கணும். சபையில அறுப்பின் பண்டிகைக்கு முதல் காய் கொண்டு வைக்கணும்ணு நேர்ந்திருக்கேன். எனக்க கையால விதை போட்டு ஆயுசில முதல் விளைச்சலாக்கும்."

பாகீரதி தயாராக வைத்திருந்த கோபம் வாயைத் திறந்ததும் வேறாக வந்தது. "கவலைப்படாம போயிட்டு வாங்கோ சிஸ்டர். கொழந்தையும் தாயும் நன்னா இருப்பா."

மறுநாள் காலை தெருவைச் சுற்றிக்கொண்டு போய் எலிசாள் வீட்டுக் கேட்டைத் திறந்தார். தன் மதிலை மறுபக்கத்திலிருந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உச்சியிலிருந்து கீழ்வரை மதில் முழுக்க வெள்ளிக் கோடுகள், நத்தைகள் இறங்கிய தடம். கோடுகள் நேராகப் புடலைப் பாத்தியில் போய் முடிந்தன. கொடியின் அடித்தண்டைச் சுற்றி நாலைந்து சிவப்புப் பொட்டுகள் குந்தியிருந்தன. தண்டு பாதிக்குமேல் அரிக்கப்பட்டு, ஒரு நார் பலத்தில் நின்றது. மேலே பந்தலில் வெள்ளைப் பூக்கள், கீழே நடந்தது தெரியாமல் விரிந்திருந்தன.

பாகீரதி குடையை மடக்கி வைத்துவிட்டு ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் கொடுத்த விதை. அவர் அனுப்பிய நத்தை.

அன்று அவர் வீட்டில் சமையல் தாமதம். காயத்துக்கு மேலே இருந்த கணுவைப் பதமாக வளைத்து, மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பிய கொட்டாங்கச்சியில் புதைத்து, வாழை நாரால் கட்டினார். கணு வேர்விட்டால் கொடி பிழைக்கும். "இரு, இருந்துடு" என்று அதனிடம் கேட்டுக்கொண்டார். இலைகள் வாடித் தொங்கியபோது சாக்கை நனைத்து நிழல் கட்டினார். தன் கொல்லையில் வெண்டை முற்றுவதைக்கூட கவனிக்கவில்லை.

நத்தைகளை என்ன செய்வது என்பதுதான் புரியவில்லை. இங்கிருந்து எடுத்தால் அந்தப் பக்கம் வைக்க வேண்டும். அது தன் வீடு. அங்கிருந்து எடுத்தால் இந்தப் பக்கம். அதைப் பொறுக்கப்போவதும் தானே. கடைசியில் எலிசாளின் பெரிய பக்கெட்டில் எல்லாவற்றையும் போட்டு மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்தார். இரண்டு நாளில் மனம் கேட்கவில்லை. பட்டினி போட்டுக் கொல்வதும் கொலைதானே. தினமும் இரண்டு பப்பாளி இலை கிள்ளிப் போட ஆரம்பித்தார்.

"முன்னே டிரான்ஸ்ஃபர், இப்போ ஹாஸ்டலா?" என்று கேட்டார் சாம்பசிவன்.

எலிசாள் திரும்பி வந்தபோது கொட்டாங்கச்சியின் கண்வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. பந்தலிலிருந்து ஒரு பிஞ்சு, நுனியில் கல்லோடு, நேராகத் தொங்கியது. எலிசாள் அதைத் தொடாமல், குழந்தையைப் பார்க்கும் மாதிரி பார்த்தார். பேத்தி பிறந்த செய்தியைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னார். பின்பு அரிக்கப்பட்ட பழைய தண்டைப் பார்த்தார். பிறகு பக்கெட்டை.

குழவியை இறக்கி மூடியைத் திறந்தார். நன்றாகத் தின்று கொழுத்த நத்தைகள். சிவப்பு, ஊதா, ரெண்டும்.

"இது ஆருக்க சிவப்பு?"

"ஜானவியோடது. நெயில் பாலிஷ்." பாகீரதி பக்கெட்டுக்குள் விரலைக் காட்டினார். "அந்த ஊதா?"

"ஆஸ்பத்திரி மருந்து."

மழை தூறத் தொடங்கியது. இருவரும் நகரவில்லை. எலிசாள் இரட்டைப் பொட்டுக்காரனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பாவம். போயும் வந்தும் இது களைச்சுப் போச்சு."

பாகீரதிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "உங்க கொடியைத் தின்னது என்னோடது, சிஸ்டர்."

"உங்களுக்க வெண்டையைத் தின்னது எனக்கதும்தான் மாமி. ஆஸ்பத்திரியில சாவு கண்டதே மதி, போதும். கையால ஒண்ணைக் கொல்ல எனக்கு ஆவாது. அதான் மதில்ல வச்சேன்."

"வெச்சேளா? எறியலையே?"

"எறியல்ல. முகத்தை அஞ்ச, உங்க பக்கமா திருப்பி வச்சேன்."

பக்கெட்டுக்குள் எல்லாம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன. ஒன்று விளிம்பைத் தாண்டிக் கொம்பை நீட்டி, புடலைப் பந்தல் எந்தப் பக்கம் என்று தேடியது. எலிசாள் உள்ளே போய்க் கல்லுப்புப் பொட்டலத்தோடு வந்தார். உப்பு பட்டால் நத்தை உருகிச் செத்துவிடும். வந்தவர் அதை நீட்டினார். பாகீரதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு பாகீரதி வாங்கி எலிசாளிடம் நீட்டினார். எலிசாள் தலையை ஆட்டினார்.

கடைசியில் பொட்டலத்தின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை மற்றவரும் பிடித்து, பக்கெட்டின் மேலே கொண்டுவந்தார்கள். பாகீரதி முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டார். எலிசாள் மேற்கே. பொட்டலம் சாய்ந்தது. உப்பு சரசரவென்று விழும் சத்தம் நின்று, பொட்டலம் காலியான பிறகும், இரண்டு கைகளும் அதை விடவில்லை.