மஞ்சள் துணியின் நியாயம்

என் மகள் எட்டு வருடம் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினாள். பெண்கள் அணி. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரின் மைதானம். எட்டு வருடமும் நான் அந்த மைதானத்துக்குப் போனேன், எட்டு வருடமும் அந்த விளையாட்டை வெறுத்தேன். நாலு விநாடி விளையாடுவார்கள். பிறகு நாற்பது விநாடி வட்டமாகக் கூடி நின்று கதைப்பார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நிர்வாகக் கூட்டம்கூட இதைவிடச் சுறுசுறுப்பாக நடக்கும்.

கதைத்து முடிந்து விளையாடத் தொடங்கினாலும் நிம்மதி இல்லை. வரிச் சட்டை போட்ட நடுவர்கள் ஐந்தாறு பேர் மைதானம் முழுக்க நிற்பார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு மஞ்சள் துணி. எவராவது பிழை செய்தால் துணியை எறிவார்கள். துணி விழுந்தால் செய்ததெல்லாம் செல்லாது, அணி பின்னால் போக வேண்டும். ஐந்து யார்ட், பத்து யார்ட், பதினைந்து யார்ட். அதை அளப்பதற்கு ஒரு சங்கிலி, அதைத் தூக்கிக்கொண்டு ஓட மூன்று பேர். பிராங்பேர்ட்டில் நான் முதன்முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர்கூட இவ்வளவு சட்டம் வைத்திருக்கவில்லை.

சட்டம் இருக்கட்டும், அதில் நியாயம் இருக்க வேண்டாமா? பந்தை வீசுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பந்தை வீசிய பிறகு எவளும் அவள்மேல் மோதக்கூடாது, தலையில் கை படக்கூடாது, முழங்காலுக்குக் கீழே தொடவே கூடாது. மணவறையில் இருக்கிற பொம்பிளைக்குக்கூட அவ்வளவு காவல் இல்லை. அவளுக்கு முன்னால் மதில்மாதிரி நிற்கிற ஐந்து பேரை எவரும் எப்படியும் இடிக்கலாம். அந்த ஐந்து பேரில் ஒருத்திதான் என் மகள். இலக்கம் அறுபத்து நான்கு.

அந்த ஐந்து பேருக்கும் இன்னொரு சட்டம். முன்னால் வீசுகிற பந்தை அவர்கள் பிடிக்கவே கூடாது. அந்த இலக்கம் போட்டால் பந்தைப் பிடிக்க உரிமை இல்லை என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறதாம். இடிபடவும் தள்ளவும் மட்டும் உரிமை. "இதென்ன பிள்ளை, சாதி மாதிரிக் கிடக்கு" என்று ஒருமுறை சொன்னேன். "அம்மா, இது பொசிஷன்" என்றாள். பெயரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்போல.

தள்ளும்போது எதிராளியின் சட்டையைப் பிடித்தால் அதற்கும் துணி. எல்லாரும்தான் பிடிக்கிறார்கள். நான் கண்ணால் கண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும், இரண்டு பக்கமும். பத்துப் பேர் பிடித்தால் ஒருத்தியைப் பார்த்துத்தான் துணி வரும். அப்போதுதான் ஒலிபெருக்கியில் சொல்வார்கள்: பிழை, இலக்கம் அறுபத்து நான்கு. பந்தைக் கொண்டுபோய் மைதான முடிவில் இருக்கிற கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கிறவளின் பெயரை முழுதாக, பாட்டுப்போல இழுத்துச் சொல்வார்கள். என் மகளுக்கு எட்டு வருடமாக இலக்கம் மட்டும்தான். அதுவும் குற்றம் செய்தால் மட்டும்.

எனக்கு அது சரியாகச் சுட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர்கள் வெல்வதும் தோற்பதும் ஒன்றுதான். அவளுடைய பெயர் ஒரு தரமாவது அந்த ஒலிபெருக்கியில் வரவேண்டும். உச்சரிப்பைக் கொலை செய்தாலும் பரவாயில்லை, வரவேண்டும். போன கோடையின் கடைசி ஆட்டத்துக்குப் போகும்போது அந்த ஆசை எனக்கு ஒரு வெறிமாதிரி இருந்தது. ஏனென்றால் அவளுடைய வலது முழங்காலைப் பார்த்த டொக்டர் இந்த வருடத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார். இனி அவளுக்கு ஆட்டம் இல்லை.

சொந்த மைதானத்தில் ஆட்டம் நடந்தால் சாப்பாட்டுக் கடையை விளையாடுகிற பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டும். ஜெர்மன் தாய்மார் கேக் கொண்டுவருவார்கள். நான் மட்டன் ரோல்ஸ். விமான நிலையச் சமையற்கட்டில் வேலை செய்கிற எனக்கு நூறு ரோல்ஸ் ஒரு வேலையே இல்லை. கடை கோட்டுக்குப் பின்னால், மைதானத்தின் ஒரு முடிவில் இருந்தது. எதிரணிப் பிள்ளைகளும் வந்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வாய் எரியுது என்று சொல்லிக்கொண்டு இன்னொன்று கேட்பார்கள்.

அன்றைக்குத் தலைமை நடுவரைப் பார்த்தபோது எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. வெள்ளைத் தொப்பி, அதற்குக் கீழே எங்கள் முகம். டார்ம்ஸ்டாட்டில் ஒரு கம்பனியில் எஞ்சினியராம், தமிழ்நாட்டுப் பிள்ளை, இங்கே படிக்க வந்த காலத்தில் இந்தப் பைத்தியம் பிடித்ததாம். எங்கள் ஆள் ஒருவர் வெள்ளைத் தொப்பி போட்டு நின்றால் நாங்கள் உடனே நினைப்பது ஒன்றுதான். நானும் அதையே நினைத்தேன். ஒரு தட்டில் நாலு ரோல்ஸ் வைத்துக்கொண்டு போனேன்.

"தம்பி, சாப்பிட்டிட்டு விளையாட்டைத் தொடங்குங்கோ."

"வேணாம்க்கா. ஒரு டீம் குடுக்கிறதை மேட்ச்சுக்கு முன்னாடி நான் சாப்பிடக்கூடாது. தப்பா பேசுவாங்க."

"ரோல்ஸுக்குமா சட்டம்?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

மகள் மைதானத்தில் இறங்குமுன் வழக்கம்போல ஓரக் கோட்டைத் தொட்டு, விரல்களைத் தலைக்கவசத்தின் கம்பியில் ஒற்றினாள். நான் பழக்கியது. சின்ன வயதில் நாலு வருடம் பரதநாட்டிய வகுப்புக்குப் போனவள், அங்கே ஆடுமுன் நிலத்தைத் தொட்டுக் கும்பிடுவார்கள். நடனத்தை விட்டாள், இதையாவது விடாதே என்று சொல்லியிருந்தேன். அவளும் விடவில்லை.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தள்ளினார்கள், விழுந்தார்கள், கூடிக் கதைத்தார்கள். கடைசி நிமிடம் வந்தபோது எங்கள் அணி நாலு புள்ளியால் பின்னால் நின்றது. கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி. பந்தை வாங்கிக்கொண்டு ஓடியவளை எவளோ இடித்ததில் பந்து நழுவி உருண்டது. உருண்ட பந்தை எவளும் எடுக்கலாம். அந்த ஒரு இடத்தில்தான் சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது. பந்து என் மகளின் காலடிக்கு வந்தது.

அவள் எடுத்துக்கொண்டு ஓடினாள். எட்டு வருடத்தில் முதல்முறை. அந்த முழங்காலோடு, சாமான் ஏற்றிய லொறிமாதிரி ஓடினாள். நேரே என் கடையைப் பார்த்து வந்தாள். இரண்டு பேர் துரத்தி ஒருத்தி விழுந்தாள், மற்றவள் பின்தங்கினாள். நான் ரோல்ஸ் தட்டைக் கீழே வைத்தேனோ போட்டேனோ தெரியாது. கோட்டுக்கு ஒரு அடி இருக்கும்போது அவள் நின்றாள். குனிந்தாள், ஒரு கையால் நிலத்தைத் தொட்டாள், கம்பியில் ஒற்றினாள். அப்போது எனக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது. என்னை நோக்கி வந்தவளின் முதுகு ஏன் எனக்குத் தெரிகிறது என்று அந்த நேரம் யோசிக்கவில்லை. பிறகு பின்பக்கமாகவே ஒரு எட்டு வைத்துக் கோட்டைத் தாண்டினாள்.

ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரின் முதல் எழுத்து வந்தது. எழுத்துத்தான். அதற்குள் மஞ்சள் துணி விழுந்துவிட்டது.

வெள்ளைத் தொப்பி மகளிடம் ஓடிவந்து ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவர் ஒரு கணம் நின்றார், இன்னொரு தரம் கேட்டார். அவள் திரும்பவும் தலையை ஆட்டினாள். பிறகு ஒலிபெருக்கி சொன்னது: எதிரணியை இகழ்ந்த குற்றம், இலக்கம் அறுபத்து நான்கு, புள்ளி இல்லை, பதினைந்து யார்ட் பின்னால். பக்கத்தில் கேக் விற்ற தாய் எனக்கு விளங்கப்படுத்தினாள். கோட்டைத் தாண்டிய பிறகு அதைச் செய்திருந்தால் புள்ளி நிற்குமாம், தண்டனை மட்டும்தானாம். தாண்டுமுன் செய்தால் புள்ளியே போய்விடுமாம். ஒரே குற்றம், ஒரு அடி வித்தியாசம். இதை எழுதியவனுக்கு நல்ல சாப்பாடு கிடைத்திருக்காது.

அதன் பிறகு நாலு தரம் முயன்றார்கள். நாலும் வீண். நேரம் முடிந்தது.

நான் நேரே வெள்ளைத் தொப்பியிடம் போனேன். அவர் பையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்கட ஊரில கோயில் இல்லையோ? நிலத்தைத் தொட்டுக் கும்பிடுறது உங்களுக்கு இகழ்ச்சியோ? வெள்ளைக்காரன் துணியை எறிஞ்சிருந்தால் நான் பேசாமல் போயிருப்பன். எங்கட ஆள் எண்டு நினைச்சன்."

"கும்பிட்டா தப்பில்லக்கா. ரூல்லயும் அதுக்கு இடம் இருக்கு. அதனாலதான் துணியை எடுத்துக்கலாம்னு போய்க் கேட்டேன். தமிழ்லயே கேட்டேன்."

"என்ன கேட்டனீங்கள்?"

"அதை அவங்ககிட்டயே கேளுங்கக்கா. நான் சொல்றது சரியில்ல."

அதற்கும் சட்டமாக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பொதுவாக எனக்கு வசவுக்குப் பஞ்சமில்லை. அன்றைக்கு வாய்க்குள் வந்ததில் பாதியைத்தான் சொன்னேன். மீதியை நடந்துகொண்டே சொன்னேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் கார் ஓட்டியது நான். அவள் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். நான் அந்த நடுவர்ப் பிள்ளையைத் திட்டிக்கொண்டே வந்தேன். பயந்தவன், எங்கட ஆளுக்குச் சார்பு என்று மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று நடுங்கி எங்கட பிள்ளையின் தலையில் போட்டவன்.

"அம்மா, அவரை ஏசாதேங்கோ. 'தொட்டுக் கும்பிட்டீங்களா' எண்டுதான் கேட்டவர். ரெண்டு தரம் கேட்டவர். ஓம் எண்டு சொன்னால் துணியை எடுத்திருப்பார்."

"நீ என்ன சொன்னனி?"

"இல்லை எண்டு சொன்னனான்."

காரை நான் நிறுத்தவில்லை. ஆனால் பின்னால் வந்தவன் ஹோர்ன் அடிக்கும் அளவுக்கு மெதுவாகிவிட்டது.

"ஏன்?"

"நான் கும்பிடேல்லை அம்மா. மற்ற டீமில எனக்கு முன்னால நிண்டவள் முழு நேரமும் ஒண்டுதான் சொன்னவள். உனக்கு இஞ்ச என்ன வேலை, போய் அம்மாவோட நிண்டு சாப்பாடு வில் எண்டு. அவள்தான் பின்னால ஓடி வந்தவள். திரும்பி நிண்டு, அவளின்ர முகத்தைப் பாத்துக்கொண்டுதான் குனிஞ்சனான். அவளுக்குக் காட்டத்தான் குனிஞ்சனான்."

வாயால் முழு நேரமும் சொன்னவளுக்குத் துணி விழவில்லை. அதை எந்த நடுவரும் கேட்கவில்லை. என் மகள் குனிந்ததை எல்லாரும் கண்டார்கள். அந்தச் சட்டப் புத்தகத்தின்மேல் எனக்கு இருக்கிற இளக்காரம் அன்றைக்குக் குறையவில்லை, கூடித்தான் போனது. ஆனால் துணி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. எட்டு வருடத்தில் அவர்கள் எறிந்த துணிகளில் எனக்குச் சரி என்று தெரிந்தது அது ஒன்றுதான், அதற்குத்தான் நான் ஒரு நல்ல பிள்ளையைப் பிடித்து ஏசினேன்.

"ஓம் எண்டு சொல்லியிருந்தால் உன்ர பேர் வந்திருக்குமே பிள்ளை."

"வந்திருக்கும்" என்றாள்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம், அகதி விண்ணப்பம் பார்க்கிற ஒரு அலுவலகத்தில் என்னை விசாரித்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க எங்கள் ஆள் ஒருவர். ஒரு கேள்வியை அவர் தமிழில் திரும்பவும் கேட்டார், கொஞ்சம் மெதுவாக, ஓம் என்று சொல்லுங்கோ என்பதுபோல. கேள்வி எனக்குச் சரியாக விளங்கவில்லை. அது ஊரில் எனக்கு நடந்ததா, நடக்கவில்லையா என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஓம் என்றேன். அந்த ஓமில்தான் எனக்கு விசா கிடைத்தது, வீடு கிடைத்தது, இவளும் பிறந்தாள். அதை நான் எவருக்கும் சொன்னதில்லை. அன்றைக்குக் காரில் அவளுக்கும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.