ஏகாம்பரம் அண்ணாவின் பழைய கயாக்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தி யாழினி போன் செய்தால் மீன் செய்தியாகத்தான் இருக்கும். அன்றும் அப்படி நினைத்து, போனை எடுத்ததுமே "தாத்தா இன்னிக்கு என்ன புடிச்சார்?" என்று கேட்டேன். அவள் அழுதாள். காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றாள்.

கேளம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஏகாம்பரம் அண்ணா எனக்குச் சம்பந்தி. அவர் மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்தேன். யாழினி எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பேத்தி. அவர் கடைக்கு வந்துபோனவர்களும், முட்டுக்காட்டு உப்பங்கழியில் அவரோடு தூண்டில் போட்டவர்களும் இதைப் படிப்பார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவரைப் பற்றி எழுத அது போதும்.

கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு அவர் வாங்கியதுதான் அந்தப் பழைய கயாக். மீன் பிடிக்கவென்றே செய்த பிளாஸ்டிக் படகு. உள்ளே இறங்கி உட்கார இடம் கிடையாது, மேலேயேதான் உட்கார வேண்டும். உட்காரும் பள்ளத்தில் ஓட்டைகள் இருப்பதைப் பார்த்து, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தார். பைப்பு ஒட்டும் பசையை அப்பி எல்லாவற்றையும் அடைத்தார். கழியில் பாதி தூரம் போனபோது மழை பிடித்துக்கொண்டது. மேலே விழுந்த தண்ணீர் இறங்க வழியில்லாமல் தொட்டி மாதிரி நின்றது. தண்ணீர் இறங்கத்தான் அந்த ஓட்டைகள் என்பது அப்போதுதான் தெரிந்தது. "ஹார்டுவேர் கடைக்காரன் புத்தி, சம்பந்திம்மா. ஓட்டையப் பாத்தா கை சும்மா இருக்காது" என்று அவரே ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய ரப்பர் செருப்பை வெட்டி, வேண்டும்போது செருகிக்கொள்ள அடைப்பான் செய்து வைத்தார்.

யாழினி மேடவாக்கத்தில் குடியிருந்து ஓ.எம்.ஆரில் வேலைக்குப் போகிறவள். தாத்தாவோடு போய்ப் போய் அவளுக்கும் தூண்டில் பைத்தியம் பிடித்தது. தன் சம்பளத்தில் அதே கம்பெனியின் புது கயாக்கை வாங்கினாள். எங்கள் குடும்பத்தில் சொந்தப் படகு வாங்கிய முதல் பெண் என் பேத்திதான். பழையதில் கால் நீட்டித் தரையில் உட்காருவது போல உட்கார வேண்டும். புதியதில் கம்பி வைத்த நாற்காலியே இருந்தது. அகலமும் அதிகம். ஓட்டைகளுக்குக் கம்பெனியே அடைப்பான் கொடுத்திருந்தது. "என் செருப்பப் பாத்து காப்பி அடிச்சிருக்கான்" என்றார் அண்ணா. நாற்காலியைப் பார்த்து, "இன்னா இது? கல்யாண மண்டபத்து சேரைத் தண்ணியில வுட்டா மாரி கீது" என்றார்.

அந்த வருடமே அவருக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்தது. பழையதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. இனித் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம் என்றார் என் மாப்பிள்ளை. அண்ணா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். புதியதில் போகச் சொல்லுங்கள் என்று நான்தான் சண்டை போட்டேன். "ரெண்டையும் ஒரே காத்துல ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

ஓட்டினார். எதிர்காற்றில் பழையது நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. புதியது பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. ஆனால் புதியதிலிருந்து அவரே எழுந்து இறங்கினார். பழையதிலிருந்து மாப்பிள்ளையும் யாழினியும் தூக்க வேண்டியிருந்தது. நானும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு புதியதில் உட்கார்ந்து பார்த்தேன். புடவையில் ஒரு சொட்டு ஈரமில்லை. புதுசுதான் நல்லது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

"பழசுல குந்தவே இல்லியே?"

"பட்டுப் புடவைண்ணா. நனைஞ்சிடும்."

"ஒண்ணுல குந்திட்டு ரெண்டுக்கும் தீர்ப்பா? இன்னா கோர்ட்டும்மா இது?"

அடுத்த வாரம் அவர் செய்த வேலைதான் பெரிய கூத்து. புதியதின் நாற்காலியைக் கழற்றி, பழையதின் மேல் பைப்பு கிளாம்பு போட்டு முறுக்கினார். ஏறி உட்கார்ந்து துடுப்பைத் தொட்டதும் படகு குப்புறக் கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். கண்ணாடியைத் தேடிக்கொண்டே எழுந்து நின்றார். "உசரமா குந்தணும்னா அடி அகலமா இருக்கணும். இது ஒல்லி. பாவம், அது மேல தப்பு இல்ல" என்றார்.

அதன் பிறகு நாற்காலியைப் புதியதிலேயே திரும்ப மாட்டி, அதில்தான் போனார். கடைசி வாரம் வரை போனார். "தோத்தது என் முட்டி. பழைய போட்டு இல்ல" என்று மட்டும் விடாமல் சொன்னார். அப்படியானால் பழையதை விற்றுவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்டபோது, என்னைப் பார்த்துக் கை காட்டினார். "சம்பந்திம்மா இன்னும் அதுல குந்தல. அவங்க குந்திப் பாத்து, வேணாம்னு சொல்லட்டும். அப்புறம் வித்துக்கோ."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "அத்தை, பழைய போட்டைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கார். அப்பா சொன்ன மாதிரி ஒரு தடவை நீங்க உக்காந்து பாத்துட்டீங்கன்னா..."

"போட்டை அஸ்தினாபுரத்துல என் வீட்டுக்கு அனுப்புங்க மாப்பிள்ள. நேரம் வர்றப்போ பாத்துக்கறேன்" என்றேன்.

இப்போது அது என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் கிடக்கிறது. செருப்பு அடைப்பான்கள் அதன் ஓட்டைகளில்தான் இருக்கின்றன. இன்றைக்குக் கேட்டாலும் புதுசுதான் நல்லது என்பேன், அண்ணா. தினமும் காலையில் பழையதின் மேல் விழும் வேப்பிலையைக் கூட்டித் தள்ளுகிறேன். உட்கார மாட்டேன்.