கோட்டுக்குள் ஒளித்த காது

காது மந்தமானவரிடம் பேச ஒரே வழி, காதருகே போய்க் கத்துவதுதான் என்று போன வியாழக்கிழமை வரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உங்களில் எத்தனை பேர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறீர்களோ... எனக்குத் தெரியாது.

ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு என்னுடையது. நாலாம் வகுப்பு வாத்தியார் அருளப்பன் என் சிநேகிதர். பாடம் சொல்வதில் புலி. ஆனால் இரண்டு வருஷமாகக் காது மந்தம். போன தடவை வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் மனிதர் சிரித்த முகத்துடன் "ஆமாங்க" என்றே சொல்லி வைத்துவிட்டார். "பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் பாடம் நடத்துவதே இல்லையா?" என்பதும் அதில் ஒரு கேள்வி!

அடுத்த தடவையும் இப்படி என்றால் வேலை போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார் அவர். அந்த வேலையை நம்பி வீட்டில் ஆறு பேர்.

திருச்சி டாக்டரிடம் போனோம். இரண்டு பல் வைத்த இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, அது அதிரும்போதே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துப் பார்த்தார். யந்திரம் வைத்தால் கேட்கும் என்றார். உலகச் சண்டை முடிந்த பிறகு சீமையிலிருந்து வர ஆரம்பித்திருக்கிறதே, அந்த யந்திரம்தான். "யாரும் காதில் கத்தாதீங்க. முகத்துக்கு நேரா, உதடு தெரியற மாதிரி, நிதானமாப் பேசுங்க" என்று என்னைப் பார்த்து வேறு சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன?

பார்சல் அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்தது. நெஞ்சில் தொங்கவிட, சத்தத்தை வாங்கும் ஒரு சின்னப் பெட்டி, காதில் செருக ஒரு குமிழ், இரண்டுக்கும் நடுவே ஒயர், இடுப்பில் கட்டிக்கொள்ள பாட்டரிப் பை. அருளப்பன் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றார். மரத்தில் ஒரு காக்கை கத்தியது. "காக்கா!" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டா வம்புங்க. கோட்டுக்குள்ளே போட்டுக்குங்க" என்று யோசனை சொன்னேன். மூக்குக் கண்ணாடி போட்டவரைப் படித்தவர் என்கிறோம். காதுக்கு ஒன்று மாட்டினால் மட்டும் ஏன் இந்த வெட்கம்?

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். நான் வகுப்பு ஜன்னலோரம் நின்றுகொண்டேன். அருளப்பன் கஞ்சி போட்ட கோட்டில் விறைப்பாக நின்றார். பிள்ளைகள் ஒரு கையைக் கட்டி, மறு கையால் வாய் பொத்தி நின்றார்கள். மரியாதை! பிசகினால் பிரம்பு என்று ஹெட்மாஸ்டர் ஒரு வாரமாகப் பழக்கியிருந்தார். அவரும் இன்ஸ்பெக்டர் முன்னால் அதே கோலத்தில்தான் நின்றார்.

"கொள்ளிடம் எங்கே பிரியுது?" என்று கேட்டார் அருளப்பன்.

சவரியம்மா என்ற பெண் எழுந்து, பொத்திய கைக்குள் பதில் சொன்னாள். யந்திரத்துக்குக் கோட்டின் மொடமொடப்புதான் கேட்டது. உதட்டைப் பார்க்கலாம் என்றால் அங்கே கை! மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். மூன்றாம் முறையும் அதே கதை. இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். யோசனை சொன்ன மகராசன் நான்தானே?

அருளப்பன் சட்டென்று கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். பெட்டியை எடுத்து வெளியே தொங்கவிட்டார்.

"ஐயா, இதுதான் என் காது. ஒளிச்சு வச்சது என் தப்புங்க. பிள்ளைங்களா, கையை எடுங்க. உங்க வாயை நான் பாக்கணும்."

ஒரு கையும் இறங்கவில்லை. எல்லாக் கண்ணும் ஹெட்மாஸ்டர் மேல். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், அருளப்பனைப் பார்த்தார்... மெல்லத் தன் வாயிலிருந்து கையை எடுத்தார். அவ்வளவுதான், வகுப்பு முழுக்கக் கைகள் இறங்கின.

"முக்கொம்புல, சார்!"

"அப்படிச் சொல்லு!" என்றார் அருளப்பன். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் கேள்விக்கு மேல் கேள்வி. பதிலுக்கு மேல் பதில்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து அவர் காதருகே குனிந்து, "நல்லா கேக்குதா?" என்று கத்தினார். அருளப்பன் துள்ளிவிட்டார். "மெதுவாங்க ஐயா... காது இங்கே இருக்கு" என்று நெஞ்சைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நோட்டில் எழுதியதை ஹெட்மாஸ்டர் பிறகு காட்டினார்: "நாலாம் வகுப்பு, பாடம் மிகத் திருப்தி. மரியாதை போதாது." வேலை நிலைத்தது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். என் தப்பைத் தன் தப்பென்று சொன்ன மனிதர் முன்னால் கூசிப்போய் நின்று, "மன்னிச்சுக்குங்க சார்" என்றேன்.

அருளப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க? வாயிலேருந்து கையை எடுத்துட்டுச் சொல்லுங்க!"