ஏற்றி அனுப்பிய குரல்

வகுப்பில் எல்லோரும் அவளைப் பம்பரம் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். அவள் காதில் விழாது என்று அவர்களுக்கு நினைப்பு. ஓர் இடத்தில் உட்கார முடியாத பிறவி அவள். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். "அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தா வீடு இடிஞ்சா விழுந்துடும்?" என்று அம்மா கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டாள். நல்ல ஆபீஸ் வேலை ஒன்றை விட்டதும் நாள் பூராவும் நாற்காலியில் கிடக்க முடியாமல்தான். சைக்கிள் கடை மாடியில் இருந்த இந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு அவளுக்குத் தோதாக அமைந்தது. மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, இவள் நடப்பாள். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

மாணவர்கள் அத்தனை பேரும் அவளைவிட மூத்தவர்கள். தையல்கார அக்கா மௌஸை இஸ்திரிப் பெட்டி மாதிரி அழுத்துவாள். முடிதிருத்துகிறவர் ஒவ்வொரு கிளிக்குக்கும் கண்ணை மூடிக்கொள்வார். அன்று பாடம் அப்லோடும் டவுன்லோடும். முதல் வரிசையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் இருந்ததால் டீச்சர் பஸ்ஸை வைத்தே விளக்கினாள்.

"இங்க இருக்கிற ஃபைலை பஸ்ல ஏத்தி இன்டர்நெட்டுக்கு அனுப்பினா அப்லோடு. அங்கிருந்து வர்ற பஸ்ல இருந்து நம்ம ஸ்டாப்புல இறக்கிக்கிட்டா டவுன்லோடு. புரிஞ்சுதா ஐயா?"

"இத்தனை வருஷமா நான் பண்ணினது இதுதானா டீச்சர்? இது தெரியாம இருந்துட்டேனே!" என்றார் டிரைவர். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் டீச்சருக்குத் தெரியும். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அவருடைய ஒரே மகளுக்கு அன்று சாயங்காலம் பிரசவ ஆபரேஷன். மனைவி இறந்ததும் அவளுடைய துணிமணிகளை மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார் மனிதர். அதிலிருந்து அப்பாவும் மகளும் போனை எடுத்தால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை. கூப்பிடாமல் போய் நின்று, ஆபரேஷனுக்குப் போகிற பெண்ணை அழ வைக்கவும் அவருக்கு மனசில்லை. மருமகன்தான் நடுவில் புகுந்து இணையத்தில் ஒரு ஃபோல்டர் திறந்து கொடுத்திருந்தார். "சொல்ல வேண்டியதைப் பேசி இதுல போடுங்க மாமா. உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அவளைக் கேக்க வைக்கிறேன்."

சாப்பாட்டு இடைவேளையில் டிரைவர் ஆளில்லாத வகுப்பில் உட்கார்ந்து, மைக்கில் பேசிப் பேசி அழித்து, கடைசியில் ஒன்றைத் தன் பென் டிரைவில் வைத்திருந்தார். இப்போது அதை ஏற்றினார். பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது.

டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், வரிசைக்கு வரிசை நடந்தாள். திரும்பும்போது சுவரோரம் கிடந்த இன்டர்நெட் வயரில் கால் மாட்டிக்கொண்டது. "சனியன்!" என்று உதறினாள். வயர் பிடுங்கிக்கொண்டதை அவள் கவனிக்கவேயில்லை.

"ஓடுதா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நின்னுடுச்சு டீச்சர். போய்ச் சேர்ந்துடுச்சு. பென் டிரைவையும் துடைச்சு வெச்சுட்டேன்."

"துடைச்சீங்களா? எதை?"

"அந்த ஃபைலைத்தான். பஸ் ஏறிப் போன ஆளு ஸ்டாப்புலயே எப்படி நிப்பான்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரோரம் வயர் கழன்று கிடப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதைச் செருகிவிட்டு ஃபோல்டரைத் திறந்தால் காலி. கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலும் இல்லை. பென் டிரைவில் அழித்தது அங்கே வராது. "அப்லோடுன்னா நகல்தான் ஐயா போகும். இங்க இருக்கிறது இங்கயேதான் இருக்கும். நான் சொன்ன உதாரணமே தப்பு. வயரைப் பிடுங்கினதும் நான்தான்" என்று சொல்லும்போதே அழுகை முட்டியது. இந்தக் கால்களை வெட்டிப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

டிரைவர் திட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் வதைத்தது. "வேலை முடிஞ்சா வண்டியைக் கூட்டித் துடைச்சுடுவேன். அதே புத்தி" என்றார் மெதுவாக.

அவள் மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பினாள். "மறுபடி பேசுங்க ஐயா. நானும் போயிடுறேன்."

"வேண்டாம் டீச்சர். தனியா இனிமே எனக்குப் பேச்சு வராது. எதிர்ல உட்காருங்க."

உட்கார்ந்தாள். ஆடுகிற முழங்கால் இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி செருமினார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து நாலு நடை நடக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் அசையவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அம்மாடி... அம்மா துணியெல்லாம் உன்னைக் கேக்காம கொடுத்தது தப்புதான். பீரோவைத் திறந்தா அவ வாசம் அடிச்சுது. என்னால தாங்க முடியலம்மா. உன்கிட்ட சொன்னா நானும் அழுதுடுவேன்னுதான் சண்டை போட்டேன். நான் வரட்டுமா?"

அவ்வளவுதான். பச்சைக் கோடு மறுபடி ஊர்ந்தது. இந்தத் தடவை இரண்டு பேரும் மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை. முடிந்தது என்று திரையில் வந்த பிறகும் டீச்சர் ஃபோல்டரைத் திறந்து பார்த்து, ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினாள்.

பிறகு ஒன்றுமில்லை. கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். மகள் கேட்டாளா, கேட்டும் பேசாமல் இருக்கிறாளா, அதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்களா? டிரைவர் சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி அதைக் கையோடு பிய்த்துவிட்டார்.

ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல் வந்து விழுந்தது. டீச்சரின் கை மௌஸுக்குப் பறந்தது; பாதி வழியில் இழுத்துக்கொண்டாள். "நீங்களே இறக்குங்க ஐயா."

அவர் இறக்கினார். திறந்தார். முதலில் தள்ளுவண்டிச் சக்கரச் சத்தம், யாரோ ஒரு நர்ஸின் அதட்டல். அப்புறம் மகளின் குரல். வார்த்தைக்கு வார்த்தை எதிர்த்துப் பேசுகிற அந்தப் பெண், சின்னப் பிள்ளை மாதிரி ரகசியமாகச் சொன்னாள்:

"சீக்கிரம் வாப்பா. எனக்குப் பயமா இருக்கு."